நிழலை அளந்து பூச்செடி வைப்போம்

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். வெயில் நன்றாக விழும் முன்வாசல் கோலத்துக்கும், துணி உலர்த்துவதற்கும், நெல்லோ மிளகாயோ காயப்போடுவதற்கும் போய்விடும். மிஞ்சுவது என்ன? சுவருக்கும் வேலிக்கும் இடையே ஒரு முழம் இரண்டு முழம் அகலத்தில் ஒரு சந்து. அல்லது கொல்லையில் தென்னையின் கீழே கொஞ்சம் தரை. "அங்கே வெயிலே வராது, பூச்செடி வைத்து என்ன பயன்?" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். உடைந்த பானையும் பழைய தகரமும் அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த இடத்திலும் பூ பூக்கும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நிழலை அளக்க வேண்டும். நிழலில் பல வகை உண்டு. ஒரே இடத்து நிழலும் ஆண்டு முழுவதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இதை அறியாமல் செடி வாங்குபவர்களின் காசு வீணாகிறது. அதைவிட, "என் கைக்குச் செடி வராது" என்ற தவறான எண்ணம் மனத்தில் ஊன்றிவிடுகிறது. பெரும்பாலும் குற்றம் கையில் இல்லை, கணக்கில்தான் இருக்கிறது.

கணக்குப் போட ஓர் ஊர் வேண்டும் அல்லவா? கொமரலிங்கத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில், அமராவதி ஆற்றையொட்டி, நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த ஊர் அது. அதன் அட்சரேகை வடக்கு 10.5 பாகை. இந்த ஓர் எண் போதும். நிழலைப் பற்றிய பாதிச் செய்தி அதிலேயே அடங்கியிருக்கிறது.

நிழல் என்பது இருட்டா?

நண்பகல் வெயிலில் திறந்த வெளியில் நின்றால் நம்மீது விழும் ஒளியின் அளவு ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். அங்கிருந்து இரண்டடி நகர்ந்து, தலைக்கு மேல் வானம் நன்றாகத் தெரியும் ஒரு சுவரின் நிழலுக்குள் நின்றால் 10,000 முதல் 20,000 லக்ஸ் கிடைக்கும். அடர்ந்த மாமரத்தின் அடியில் சில ஆயிரம்தான். வீட்டுக்குள் சன்னலை விட்டுத் தள்ளி அமர்ந்து பாடம் படிக்கிறீர்களே, அங்கே சில நூறு லக்ஸ் மட்டுமே.

வெயிலுக்கும் அறைக்கும் இடையே நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. ஆனால் நம் கண்ணுக்கு அவ்வளவு வேறுபாடு தெரிவதில்லை. கண்ணின் பாவை சுருங்கியும் விரிந்தும், விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டியும் குறைத்தும் ஒளிக்குத் தக்கபடி சரிசெய்துகொள்கின்றன. நமக்கு அது வசதி. தோட்டக்காரருக்கோ அது ஏமாற்று வேலை! "இங்கே வெளிச்சம் போதுமே" என்று கண் சொல்வதை நம்பிச் செடி வைக்கக் கூடாது.

சூரியனை நேரே பாராத சுவர் நிழலுக்கு ஒளி எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்துதான். காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிக்கின்றன. நீல ஒளி அதிகமாகச் சிதறுகிறது. ஆகவே சுவர் நிழல் என்பது நீலவானத்தின் ஒளியில் குளித்த இடம். இலையின் பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் நன்றாக உறிஞ்சும். எனவே சுவர் நிழலில் அளவு குறைவாக இருந்தாலும் இலைக்கு உதவும் ஒளி இருக்கவே செய்கிறது.

இலையின் வரவு செலவு

செடியும் ஒரு குடும்பம்போலத்தான். ஒளிச்சேர்க்கையால் சர்க்கரையைச் சேர்க்கிறது, அது வரவு. இரவும் பகலும் சுவாசிப்பதால் சர்க்கரையைச் செலவழிக்கிறது. ஒளி மிகக் குறைந்தால் வரவும் செலவும் சமமாகிவிடும். அந்த ஒளியளவை ஈடுசெய் புள்ளி என்பார்கள். அதற்குக் கீழே போனால் செடி தன் சேமிப்பைத் தின்று மெலியும். அதற்குச் சற்று மேலே இருந்தால் உயிர் வாழும், இலை விடும். பூப்பது இன்னும் பெரிய செலவு. கணிசமான மிச்சம் இருந்தால்தான் முடியும். நிழலில் வைத்த மல்லிகை தழைத்துத் தழைத்து வளர்ந்தும் பூ மட்டும் வராமல் போவதற்குக் காரணம் இதுவே.

நிழலுக்குப் பழகிய செடிகளின் இலைகள் மெல்லியவை, அகன்றவை. சுவாசச் செலவும் குறைவு. எனவே அவற்றின் ஈடுசெய் புள்ளி தாழ்வானது. குறைந்த வருமானத்திலும் மிச்சம் பிடிக்கத் தெரிந்தவை. இன்னொரு உண்மையையும் கவனியுங்கள். பல செடிகளில் ஒரு தனி இலை முழு வெயிலின் கால் பங்கு முதல் அரைப் பங்கு ஒளியிலேயே தன் வேகத்தின் உச்சத்தை எட்டிவிடும். அதற்கு மேல் வரும் ஒளி இலையைச் சூடாக்கத்தான் பயன்படும். நிழல் செடியின் மெல்லிய இலை அந்தச் சூட்டைத் தாங்காமல் கருகும். ஆகவே நிழல் செடிக்கு அதிக ஒளியும் ஆபத்து, மிகக் குறைந்த ஒளியும் ஆபத்து.

சூரியன் வடக்கே போகும் ஊர்

"வீட்டின் வடபுறம்தான் நிழலான இடம், நிழல் செடிகளை அங்கே வையுங்கள்" என்று பல தோட்டக்கலை நூல்களில் படிக்கலாம். லண்டனில் அது சரி. டில்லியிலும் சரி. அந்த ஊர்கள் கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால், நண்பகல் சூரியன் அங்கே எப்போதும் தென்புறமே நிற்கும். கொமரலிங்கம் கடக ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. இங்கே சூரியன் ஆண்டில் நான்கு மாதங்களுக்கு மேல் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது!

கிழக்கு மேற்காக ஓடும் 3 மீட்டர் உயரச் சுவர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொமரலிங்கத்தில் நண்பகலில் அதன் நிழலின் அகலம் என்ன?

டிசம்பர் 21: வடபுறம் சுமார் 2 மீட்டர்.
பிப்ரவரி 20, அக்டோபர் 22 வாக்கில்: வடபுறம் சுமார் 1.2 மீட்டர்.
மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில்: வடபுறம் சுமார் 55 சென்டிமீட்டர்.
ஏப்ரல் 17 அல்லது 18, ஆகஸ்ட் 25 அல்லது 26: நிழலே இல்லை.
ஜூன் 21: தென்புறம் சுமார் 70 சென்டிமீட்டர்.

இந்த எண்களை நீங்களே வருவிக்கலாம். டிசம்பர் 21 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23.4 பாகையில் இருக்கிறது. அதனுடன் ஊரின் அட்சரேகை 10.5 பாகையைக் கூட்டினால் 33.9 பாகை. உச்சியிலிருந்து சூரியன் சாய்ந்திருக்கும் கோணம் அதுவே. அதன் டேன்ஜென்ட் மதிப்பைச் சுவரின் உயரத்தால் பெருக்கினால் நிழலின் அகலம் கிடைக்கும். ஜூன் 21 அன்று சூரியன் வடக்கே 23.4 பாகையில் இருப்பதால் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும்: 12.9 பாகை, நிழல் விழுவது தெற்கே.

இன்னும் வியப்பான செய்தி ஒன்று. ஜூன் 21 அன்று கொமரலிங்கத்தில் சூரியன் வடகிழக்கில் உதித்து, நாள் முழுவதும் வடபுறமாகவே சென்று, வடமேற்கில் மறைகிறது. எனவே டிசம்பரில் காலை முதல் மாலைவரை குளிர்ந்து கிடந்த அதே வடபுறம், ஜூனில் காலை முதல் மாலைவரை வெயிலில் காய்கிறது. டிசம்பர் விடுமுறையில் ஒருவர் வடபுறச் சந்தைப் பார்த்து, "நல்ல நிழல்" என்று பிகோனியாச் செடிகளை வாங்கி வைத்ததாக வைத்துக்கொள்வோம். மார்ச் வரை அவை அழகாக இருக்கும். மே மாதம் இலைகள் ஓரங்கருகித் தொங்கும். "தண்ணீர் போதவில்லை" என்று அவர் மேலும் மேலும் ஊற்றுவார், வேரும் அழுகிவிடும். செடியை இடம் மாற்றியிருக்க வேண்டிய நாள் ஏப்ரல் 17 என்பது அவருக்குத் தெரியாது!

அப்படியானால் எந்தப் பக்கத்து நிழலை நம்பலாம்? கிழக்குப் பக்கத்தை நம்பலாம். வடக்குத் தெற்காக ஓடும் சுவரின் கிழக்கே எல்லா மாதங்களிலும் காலையில் இளவெயில் விழும். உச்சி திரும்பியதும் நிழல் வந்துவிடும். வெப்பம் மிகுந்த பிற்பகல் இரண்டு மூன்று மணியில் செடி சுவரின் மறைவில் பத்திரமாக இருக்கும். ஆண்டு முழுவதும் மாறாத அரை நிழல் இது. முதன்முதலாகப் பாத்தி போடுபவர்களுக்கு இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. மேற்குப் பக்கத்துக்கும் வெயில் நேரம் அதே அளவுதான். ஆனால் காலை முழுவதும் சூடேறிய காற்றும், அதன்மேல் பிற்பகல் வெயிலும் சேர்ந்து மெல்லிய இலைகளை வாட்டிவிடும்.

தென்னையின் நிழல்

மரத்தின் நிழலில் வேறு ஒரு பாடம் இருக்கிறது. தென்னையின் கீழ்த் தரையில் வட்ட வட்டமாக ஒளிப்பொட்டுகள் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கீற்றுகளின் இடைவெளி வட்டமாகவா இருக்கிறது? இல்லை. பிறகு ஏன் பொட்டுகள் வட்டமாக இருக்கின்றன? ஒவ்வோர் இடைவெளியும் ஊசித்துளைக் காமிராவைப்போல் செயல்பட்டுச் சூரியனின் பிம்பத்தைத் தரையில் வீழ்த்துகிறது. பிம்பத்தின் விட்டம், இடைவெளியின் உயரத்தில் ஏறத்தாழ 108-இல் ஒரு பங்கு. 10 மீட்டர் உயரத்துக் கீற்று என்றால் பொட்டு சுமார் 9 சென்டிமீட்டர். 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சி வழியாக வளைய சூரிய கிரகணம் தெரிந்தபோது, மரத்தடிகளில் இந்தப் பொட்டுகளும் வளையல்களாக மாறின.

இந்தப் பொட்டுகள் நிற்பதில்லை. பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்வதால், 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொட்டு நண்பகல் வேளையில் நிமிடத்துக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் நகரும். ஆகவே ஓர் இலையின்மேல் அது இரண்டு நிமிடம் தங்கிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடும். இலை கருகுமுன் வெயில் விலகும். இலை பசிக்குமுன் மறுபடி வரும். பந்தியில் பரிமாறுகிறவர் எல்லா இலைக்கும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொண்டே போவதுபோல! உயர்ந்த தென்னைகளின் சிதறிய நிழல் பூச்செடிகளுக்கு உகந்ததாக இருப்பதன் காரணம் இதுவே.

மாமரம், புளியமரம் போன்ற அடர்ந்த மரங்களின் அடியில் நிலைமை வேறு. அங்கே வந்துசேரும் ஒளி இலைகளால் வடிகட்டப்பட்டது. நீலமும் சிவப்பும் மேலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. கொஞ்சம் பச்சையும், நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைச்சிவப்பும் மட்டும் கீழே வருகின்றன. செடிகளில் ஃபைட்டோகுரோம் என்ற ஒரு நிறமி இருக்கிறது. அது 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பையும் 730 நானோமீட்டர் தொலைச்சிவப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும். 1952-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரின் குழுவினர் லெட்டூஸ் கீரை விதைகளைக் கொண்டு இதைக் கண்டுபிடித்தனர். சிவப்பொளி காட்டினால் விதை முளைத்தது. உடனே தொலைச்சிவப்பைக் காட்டினால் முளைக்கவில்லை.

தொலைச்சிவப்பு மிகுந்தால், "என் தலைக்குமேல் வேறோர் இலை இருக்கிறது" என்று செடி அறிந்துகொள்கிறது. வெளிச்சத்தை எட்டிப்பிடிக்கத் தண்டை நீட்டுகிறது. மரத்தடிச் செடிகள் நெட்டையாகவும் மெலிந்தும் வளர்வது இதனால்தான். சுவரின் நிழலில் ஒளி குறைந்தாலும் அது வடிகட்டப்படாத ஒளி. செடி அவ்வளவாக நீளாது. ஆக, அடர்ந்த மரத்தடி பூப்பாத்திக்கு ஏற்றதன்று. அங்கே பெரணி, கோலியஸ், கலேடியம் முதலிய இலையழகுச் செடிகளை வைக்கலாம். கலேடியம் சேம்பின் உறவினம். வாயில் வைத்தால் நாக்கு அரிக்கும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கவனம் தேவை.

நிழல் வரைபடம்

இனி வேலையைத் தொடங்குவோம். ஒரு விடுமுறை நாள் போதும். பாத்தி போட நினைக்கும் இடத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். காலை 7 மணி முதல் மாலை 5 மணிவரை, மணிக்கு ஒருமுறை, நிழலின் ஓரத்தைத் தரையில் கோலமாவால் கோடிட்டு, நேரத்தையும் தாளில் குறியுங்கள். மாலையில் ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை மணி நேரம் நேர் வெயில் கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மணிக்கும் குறைவு என்றால் முழு நிழல். இரண்டு முதல் ஐந்து மணிவரை என்றால் அரை நிழல். ஆறு மணிக்கு மேல் என்றால் அது வெயில் இடம். அங்கே நிழல் செடி வேண்டாம். சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். நிழலை மட்டும் பார்த்தால் போதும்.

மரத்தடியில் நிழலுக்கு ஓரம் இராது. அங்கே உள்ளங்கைச் சோதனை செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, அதற்கு ஓர் அடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல்களின் நிழல் கூர்மையாகத் தெரிந்தால் நல்ல வெயில். விரல்கள் மங்கலாகக் கலந்து தெரிந்தால் அரை நிழல். கையின் உருவமே தெரியவில்லை என்றால் அடர்ந்த நிழல். ஒளி ஒரே திசையிலிருந்து வந்தால் நிழல் கூர்மையாகும்; வானம் முழுவதிலிருந்தும் வந்தால் மங்கும். அந்தத் தத்துவமே இந்தச் சோதனை. வீட்டில் கைபேசி இருந்தால் ஒளியை லக்ஸ் அளவில் காட்டும் செயலிகளும் உண்டு. எண் துல்லியமாக இராது. இரண்டு இடங்களை ஒப்பிட உதவும்.

ஒரு நாள் வரைபடம் அந்த மாதத்துக்கு மட்டுமே செல்லும் என்பதை மறவாதீர்கள். மற்ற மாதங்களுக்கு மேலே போட்ட கணக்கை வைத்து ஊகித்துக்கொள்ளுங்கள்.

எந்தச் செடி?

நம் நாட்டு நிழல் பூக்களில் முதலிடம் கனகாம்பரத்துக்கே. தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் தாயகம். மணமில்லை, ஆனால் எடையில்லாதது, எளிதில் வாடாதது. தலையில் சூட ஒரு முழம் கட்டுவதற்கு ஏற்றது. கிழக்குப் பக்கத்து அரை நிழலிலும் தென்னையின் சிதறிய நிழலிலும் நன்றாக வளரும். நாற்றுகளை ஓரடி இடைவெளியில் நட்டால் இரண்டு மூன்று மாதங்களில் கதிர் விடத் தொடங்கும். டில்லிக் கனகாம்பரம் என்ற வகையில் குரோமோசோம்கள் இரட்டைத் தொகுதியாக இல்லாமல் மூன்று தொகுதிகளாக இருப்பதால் விதை பிடிக்காது. அதைத் தண்டு வெட்டி நட்டே பெருக்க வேண்டும்.

காசித்தும்பை விதை மலிவு; ஒன்றரை இரண்டு மாதத்தில் பூத்துவிடும். பொறுமை குறைந்தவர்களுக்கு ஏற்ற செடி! அதன் உறவுச்செடி ஒன்று, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, நர்சரிகளில் இம்பேஷன்ஸ் என்ற பெயரிலேயே கிடைக்கும். காசித்தும்பையைவிட அதிக நிழலைத் தாங்கும், பிகோனியாவும் அப்படியே. பாத்தியின் பின்வரிசைக்கு டிசம்பர் பூவும் நந்தியாவட்டையும் வைக்கலாம். மல்லிகை, செண்டுமல்லி, சம்பங்கி, செவ்வந்தி ஆகியவை வெயில் செடிகள். நிழலில் வைத்து அவற்றை வதைக்க வேண்டாம்.

வடபுறச் சந்து மட்டுமே உள்ளவர்கள் என்ன செய்வது? சோர்ந்துபோக வேண்டியதில்லை. ஒரே பாத்தியை இரண்டு பருவமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை இம்பேஷன்ஸ், பிகோனியா. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வெயில் விரும்பும் வாடாமல்லி. நிழல் செடிகளைத் தொட்டியில் வளர்த்தால் ஏப்ரல் நடுவில் கிழக்குப் பக்கம் தூக்கி வைத்துவிடலாம். பாதி ஒளியைத் தடுக்கும் நிழல்வலை கட்டியும் சமாளிக்கலாம்.

மண்ணும் தண்ணீரும்

பாத்தி சிறியதாகவே இருக்கட்டும்: இரண்டு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம். வெளியே நின்றபடி கை எட்டும் அகலம் அது. ஓட்டிலிருந்து மழைநீர் சொட்டும் கோட்டைத் தவிர்த்து ஓர் அடி ஆழம் கொத்துங்கள். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். கனகாம்பரத்தின் வேரை நூற்புழுக்கள் தாக்கும். ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலப்பது நல்லது. தென்னைக்கு அருகில் என்றால் மரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் பாத்தி போடுங்கள். தென்னையின் பெரும்பாலான வேர்கள் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கின்றன. காயும் மட்டையும் விழக்கூடிய இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள்.

நிழல் பாத்தியில் செடிகள் சாவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர்க் குறைவன்று, தண்ணீர் மிகுதி! கணக்குப் பாருங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரைமீது வினாடிக்கு ஏறத்தாழ 1000 ஜூல் ஆற்றல் விழுகிறது. ஒரு கிலோகிராம் நீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வேண்டும். அந்த ஆற்றல் முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவானால், ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் போய்விடும். நிழலில் பத்தில் ஒரு பங்கு ஆற்றலே விழுவதால் ஆவியாவதும் அந்த விகிதத்தில் குறையும். வெயில் பாத்திக்கு ஊற்றுவதுபோல் இங்கும் ஊற்றினால் மண்ணின் துளைகளில் காற்று இருக்க இடமின்றி நீர் நிறைந்து, வேர் மூச்சுத் திணறி அழுகும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் நுழைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30, 40 கிலோமீட்டர் அகலத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியே புகுந்து உடுமலைப் பக்கமெல்லாம் சுழன்றடிக்கிறது. அங்கே காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். மழையைப் பெரும்பாலும் மலைக்கு அப்பாலேயே விட்டுவிட்டு வருகிற காற்று அது. ஆடி மாதத்தில் அது நிழலிலும் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரத் துணி நிழலிலும் உலர்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த மாதங்களில் தரைமீது காய்ந்த இலைகளையோ கழுவிய தென்னை நார்க்கழிவையோ இரண்டு அங்குலம் பரப்பி மூடிவையுங்கள்.

வெளியூர் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையா? நம் மாவட்டத்தில் பனியன் துணித் துண்டுக்குப் பஞ்சமில்லை. சாயமிடாத வெள்ளைப் பருத்திப் பனியன் துணியை நீளமாகக் கிழித்து நன்றாகத் துவையுங்கள். ஒரு பாத்திரம் தண்ணீரைப் பாத்தியைவிடச் சற்று உயரத்தில் வைத்து, துணியின் ஒரு முனையை நீருக்குள்ளும் மறுமுனையை வேரருகே மண்ணுக்குள்ளும் வையுங்கள். பருத்தி இழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் நீர் தந்துகிக் கவர்ச்சியால் ஏறி, மெல்ல மெல்ல மண்ணுக்கு இறங்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இப்படித்தான்.

நடுவதற்கு ஏற்ற காலம் செப்டம்பர். ஆகஸ்ட் 26-க்குப் பிறகு சூரியன் மீண்டும் தென்புறம் திரும்புவதால் வடபுற நிழல் வளரத் தொடங்கும். காற்றும் தணியும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும்.

வெடிக்கும் காய்கள்

செடிகள் பூத்து முடிந்ததும் விலைக்கு விதை வாங்க வேண்டியதில்லை. ஆனால் விதை சேகரிக்க உங்களுக்குக் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். முற்றிய காசித்தும்பைக் காயைத் தொட்டதும் அது வெடித்து, தோல் சுருண்டு, விதைகள் தெறிக்கும். காயின் சுவரில் வளைத்த வில்லைப்போல் மீள்ஆற்றல் சேர்ந்திருக்கிறது. தொட்டவுடன் அது விதையின் இயக்க ஆற்றலாக மாறுகிறது. கனகாம்பரம் வேறு விதம். அதன் உலர்ந்த காய் நீர் பட்டதும் வெடிக்கும். மழை வந்தபின்தானே விதைக்கு முளைக்க வசதி! சில உலர்ந்த கதிர்களை ஒரு தட்டில் வைத்து, நீர் தெளித்து, மெல்லிய துணியால் மூடிவிடுங்கள். பட் பட் என்ற ஓசையுடன் விதைகள் துணிக்குள்ளேயே விழும்.

செய்து பாருங்கள்

1. ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, ஒவ்வொரு மாதமும் 21-ஆம் நாள் நண்பகல் நிழலை அளந்து எழுதுங்கள். கொமரலிங்கத்தில் உண்மையான நண்பகல் கடிகாரத்தின் 12 மணி அன்று. நவம்பர் தொடக்கத்தில் 12-4, பிப்ரவரி நடுவில் 12-35 என்று அது மாறும். பெரும்பாலும் 12-20-ஐ ஒட்டியிருக்கும். நிழல் மிகக் குறுகும் நேரமே நண்பகல்.

2. மார்ச் 21 அன்று காலை முதல் மாலைவரை அந்தக் குச்சி நிழலின் நுனியைக் குறியுங்கள். புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைவதைக் காண்பீர்கள். அப்படியானால் கிழக்கு மேற்குச் சுவரின் நிழல் அகலம் அன்று மாறுமா, மாறாதா?

3. உங்கள் பள்ளியின் மதில் எந்தத் திசையில் ஓடுகிறது? அதன் இரு பக்கங்களிலும் எந்த மாதம் எந்தச் செடி வைக்கலாம் என்று ஓர் அட்டவணை தயாரித்து ஆசிரியரிடம் காட்டுங்கள். பாத்தி போட அனுமதியும் கேளுங்கள்.

வெயில் இல்லை என்று ஒதுக்கிய அந்த ஒரு முழச் சந்தில், ஒரு குச்சியும் கொஞ்சம் கோலமாவும் கொண்டு நீங்கள் போடும் கணக்கு சரியாக இருந்தால், தை மாதத்தில் அம்மா கனகாம்பரத்துக்குக் கடைக்குப் போக வேண்டியிராது.